எல்லாம் பச்சை

ருமானா செய்த வேலையை அவளுடைய அம்மா அஜ்மல் பீவி அக்கம்பக்கத்தில் இப்படித்தான் சொல்வார்: “மில்லுல லைட்டுப் போட்டு அணைக்கிறா.” அது பாதிதான் சரி. திருமங்கலம் பக்கத்து நூல் மில்லில் ஒவ்வொரு மெஷின் தலையிலும் மூன்று நிற விளக்கு உண்டு. அந்த விளக்குகளை மாற்றுகிற கம்ப்யூட்டர் திரையை வடிவமைத்தவள் ருமானா. பச்சை என்றால் ஓட்டலாம். மஞ்சள் என்றால் பஞ்சு தீர்ந்தது. சிவப்பு என்றால் மெஷினை நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே யாராவது கை விட்டிருக்கலாம், தொடாதே. மில் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. எல்லோரும் விளக்கை நம்பித்தான் வேலை பார்த்தார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்திவிடுவார்கள், எல்லாம் சிவப்பாகிவிடும். நல்ல நாளும் அதுவுமாகச் சிவப்பு எரியக் கூடாது என்றார் முதலாளி. குங்குமம் மட்டும் என்ன நிறமாம் என்று கேட்க ருமானாவுக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. ஒரே தட்டில் எல்லா விளக்கையும் மாற்றும்படி ‘எல்லாம் பச்சை’ என்று பெரிய பட்டன் ஒன்றைத் திரையில் வைத்துக் கொடுத்தாள். பூஜை முடிந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றாள். பார்க்க அம்சமாக இருக்கிறது, இருக்கட்டும் என்றார் அவர். மில் அவளுக்குப் பெரிய வாடிக்கை, அது கெட்டுவிடுமோ என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாசியில் வெளியூரிலிருந்து நூல் வாங்குகிறவர்கள் மில்லைப் பார்க்க வந்தார்கள். மில் களையாகத் தெரிய வேண்டுமென்று முதலாளி ஆபீஸில் இருந்தபடியே பட்டனைத் தட்டினார். அந்த நேரம் மில்லில் வேலை பார்க்கும் செல்லத்தாய் ஒரு மெஷினுக்குச் சிவப்பு போட்டுவிட்டு, உள்ளே சிக்கிய பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் நின்ற முத்திருளன் பச்சையைப் பார்த்தான், சுவிட்சைப் போட்டான். செல்லத்தாயின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

விளக்கைப் பார்க்காமல் போட்டான் என்று முத்திருளன் மேல் போலீஸில் புகார் கொடுத்தார் முதலாளி. ருமானாவுக்கும் அவரே போன் செய்தார். “நாளைக்கு கவர்மென்ட்டுல இருந்து ஆய்வுக்கு வாராங்கம்மா. அந்தப் பட்டன மட்டும் எடுத்துரு.”

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த செல்லத்தாய் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “பச்சையப் பாத்துத்தான் தாயி அந்தப் பய போட்டான். அவன உள்ள வச்சுராம பாத்துக்கங்க.”

ருமானாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பட்டனை எடுக்கவில்லை. ஆய்வுக்கு வந்தவர்களிடம் அதைக் காட்டி, நான்தான் செய்தேன் என்றாள்; அவர்கள் சொன்ன பிறகுதான் அதை எடுத்தாள். முத்திருளன் மேல் வழக்கு இல்லாமல் போனது; வேலையும் இல்லாமல் போனது. ருமானாவையும் நிறுத்திவிட்டு மில் வேறு ஆளை வைத்துக்கொண்டது. செல்லத்தாய்க்கு இப்போது மகள்தான் சோறு பிசைந்து தருகிறாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், ருமானாவின் இடத்துக்கு வந்த சிவக்குமார் என்பவன் அவளைப் போனில் கூப்பிட்டான். “அக்கா, எல்லா லைட்டையும் பச்சையாக்குற பட்டன் ஒண்ணு வச்சிருந்தீங்களாமே. மொதலாளி அதத்தான் மொதல்ல கேக்குறாரு.”

அந்தப் பட்டனால் ஒரு பெண்ணின் விரல்கள் போன கதையை ருமானா நிதானமாகச் சொன்னாள்.

சிவக்குமார் மெதுவாகக் கேட்டான். “சரிக்கா. இப்ப நான் அவருகிட்ட என்ன சொல்ல?”