பத்தாம் இருக்கைக்கு வெந்நீர்

மிசாவோவைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். மீதியைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஹிமி துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கும், சோற்றின்மேல் மீன் வைத்த தட்டுகள் பெல்ட்டில் சுற்றிவரும் சுஷி கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை உட்கார வைப்பது, தட்டு எடுப்பது, வரிசையில் முண்டுகிறவர்களிடம் வாய் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. பெயர் தோகி ஹருயோ. பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீன் பதினொரு மணிக்கு எங்கள் பெல்ட்டில் சுற்ற ஆரம்பித்துவிடும். விலையும் கையைக் கடிக்காது. வலை இழுக்கிறவனும் வருவான், வங்கி மேலாளரும் வருவார், இருவரும் ஒரே தட்டுக்குக் கை நீட்டுவார்கள். வியாழக்கிழமைகளில் வாசலில் முதலாவதாக நிற்பது மிசாவோ. மீனை அரைத்து வேகவைத்துக் கட்டியாக்கும் தொழிற்சாலையில் அவளுக்கு அன்றுதான் விடுமுறை. ஐம்பத்தேழு வயது. முப்பது வருடம் ஈரத்திலேயே கிடந்த கை, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

அவள் உட்காருவது ஒன்பதாம் இருக்கை. பத்தாம் இருக்கையில் அரை மணி நேரத்துக்கு யாரையும் உட்கார வைக்கக்கூடாது. அது அவளுக்கும் முதலாளிக்கும் இருந்த ஏற்பாடு. அவள் புருஷன் இவாவோ கணவாய் மீன் பிடிக்கும் படகில் இன்ஜின்காரன். கரைக்கு வந்தால் வீட்டுக்குக்கூடப் போகாமல், ரப்பர் பூட்ஸோடு நேரே எங்கள் கடைக்கு வந்து மத்தி சுஷி ஆறு தட்டு தின்பான். மிசாவோ விஷயம் தெரிந்து பின்னாலேயே ஓடி வருவாள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் படகு திரும்பி வந்தது. இன்ஜின் அறையில் அவன் பாதி குடித்து வைத்த தேநீர் இருந்ததாம், ஆளைக் காணோம்.

வெளியூர் போன ஆளுக்கும் வீட்டில் சாப்பாடு எடுத்து வைப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். மூடி போட்ட கிண்ணத்தில் சூடாகச் சாறு ஊற்றி வைப்போம். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், மூடியின் உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்திருக்க வேண்டும். கோத்திருந்தால் போன ஆள் நலம். கல்யாணமான வருடத்திலிருந்தே மிசாவோ இதைச் செய்து வந்தாள். அவன் காணாமல் போன பிறகு வீட்டில் செய்வதை விட்டுவிட்டுக் கடையில் செய்தாள். அவன் முதலில் இங்கேதானே வருவான் என்பது அவள் கணக்கு.

பெல்ட்டிலிருந்து மத்தித் தட்டு ஒன்றை எடுத்துப் பத்தாம் இடத்தில் வைப்பாள். மீன் தலையும் முள்ளும் போட்டுக் காய்ச்சிய சாறு ஒரு கிண்ணம் வாங்கி, மூடியோடு தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். கோப்பையில் தேயிலைத் தூள் போட்டு, மேசைக் குழாயில் வெந்நீர் பிடித்து வைப்பாள். பிறகு தனக்குக் கணவாய், வெள்ளை இறால், கடைசியாக முட்டை என்று நிதானமாகச் சாப்பிடுவாள். எழுந்திருக்கும் முன் அந்த மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்ப்பாள்.

"அங்க யாரு வரப்போறா, பேயா?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"வந்தா உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள வருவாரு, ஹருயோ சான். உங்க வாய்ன்னா அவருக்கு அவ்வளவு பயம்" என்றாள் அவள்.

சிரித்துவிட்டேன். ஆனால் பதினொன்றரைக்கு மேல் அந்த இருக்கையில் உட்காருகிறவர்கள் ஏதாவது முனகாமல் இருந்ததில்லை. ஆகஸ்டில் வந்தால் 'ஏசியைக் குறைங்க' என்பார்கள். பிப்ரவரியில் வந்தால் மேல்கோட்டைக் கழற்றாமலே சாப்பிடுவார்கள்.

எனக்கு நம்பிக்கை கிடையாது. சூடான சாற்றை மூடி வைத்தால் மூடி வியர்க்காமல் என்ன செய்யும்? கடலில் போனவன் உயிரோடு இருக்கிறானா என்று கிண்ணத்துக்கு எப்படித் தெரியும்? இதை நினைத்து நினைத்து, மூன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை கெட்ட வேலை ஒன்று செய்தேன். அன்று மாமியாரோடு சண்டை, யாரைக் கண்டாலும் எரிச்சல். முந்தின நாள் மீந்து, குளிர்பெட்டியில் இருந்த சாற்றை அப்படியே கிண்ணத்தில் ஊற்றி மூடிக் கொடுத்தேன். ஜில்லென்று இருந்தது. இன்றைக்குத் திறந்து பார்க்கட்டும், பைத்தியம் தெளியட்டும் என்று நினைத்தேன்.

அரை மணி கழித்து மிசாவோ மூடியைத் தூக்கினாள். உள்ளே நிறைய முத்து. அவள் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். நான் அந்தக் கிண்ணத்தைச் சமையல்கட்டுக்கு எடுத்துப்போய் விரல் விட்டுப் பார்த்தேன், சாறு இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது. மூடியில் இருந்த ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சாற்று உப்பு இல்லை, அலையில் விழுந்து எழுந்தால் வாயில் நிற்குமே அந்த உப்பு. அன்றிலிருந்து அவளுக்குக் கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஜனவரியில் அவள் புருஷனின் அண்ணன் தெய்ஜி கடைக்கே வந்துவிட்டார். கடலில் ஒரே இடத்தில் வலை கட்டி வைத்து மீன் பிடிப்பவர், எழுபது வயது, குரல் மட்டும் முப்பது வயதுக்காரன் குரல். ஒன்பதாம் இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டே பேசினார்.

"தம்பி போயி ஆறு வருஷம் முடிஞ்சு போச்சு. மார்ச்சுல கல்லறைக்குப் போற நாள் வருதில்ல, அன்னிக்குக் காரியத்த முடிச்சுக் கல்லுல அவன் பேரை வெட்டப்போறேன். நீ ஒரு வார்த்தை சரின்னு சொல்லணும்."

"உசுரோட இருக்கிறவருக்குச் சாவுக் காரியம் பண்ணுனா, திரும்பி வர்ற வழி அடைஞ்சு போயிரும், அண்ணே."

"எந்த வழி? பெல்ட்டுல உக்காந்து சுத்திச் சுத்தி வருவானா?"

"வந்தா முதல்ல உங்களுக்குத்தான் மத்தி வாங்கிக் குடுக்கச் சொல்றேன்."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. "கிண்டல் பண்ணாத, பொண்ணு. தினமும் கனவுல வர்றான். நனைஞ்சுபோய் நிக்கிறான், பல்லு கிட்டிப் பேசவே முடியல. எம் மனசு தாங்கல" என்றார்.  கிழவர் என்னிடம் தலையசைத்துவிட்டு, செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனார். மார்ச் வரைக்கும்தான் தவணை என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டால் இத்தனை வருடமும் வீண் என்று அவளுக்குப் பட்டிருக்கும். சொல்லாவிட்டாலும் கல்லில் பெயர் ஏறத்தான் போகிறது, அதைப் பார்த்துக்கொண்டு இந்த ஊரில்தான் அவள் இருக்க வேண்டும்.

பிப்ரவரியில் அந்த வியாழக்கிழமை பனி கொட்டியது. குளிர்கால மீன் நல்ல கொழுப்போடு வந்திருந்ததால் வெளியூர்க் கார்கள் வேறு குவிந்துவிட்டன. பத்தே முக்காலுக்குக் கடைக்கு மிசாவோவின் தொலைபேசி வந்தது.

"பஸ்ஸு பனியில மாட்டிக்கிச்சு, ஹருயோ சான். இருபது நிமிஷம் ஆகும். பத்தாம் இடத்துல எடுத்து வைக்கிறீங்களா? நேரம் தப்புனதே இல்ல. இன்னிக்கு மட்டும்."

"நீங்க வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். பதினொன்றுக்குக் கதவைத் திறந்ததும் கூட்டம் மடை திறந்த வெள்ளமாக உள்ளே வந்தது. மத்தித் தட்டு வைத்தேன். கொதிக்கும் சாறு வாங்கி மூடி வைத்தேன். அன்று காலையில்தான் அரிசிப் பானையில் வலக்கையைச் சுட்டுக்கொண்டிருந்தேன், புண் எரிந்தது. பத்தாம் இடத்துக் குழாய் சீறித் தெறிக்கும் குழாய் வேறு. அதனால் கோப்பையில் முதலில் பாதிக்குக் குளிர்ந்த நீரை ஊற்றிவிட்டு, அதன்மேல் வெந்நீரைப் பிடித்தேன். அவசரத்தில் தேயிலைத் தூளும் போடவில்லை. கோப்பையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினேன்.

நான்கு அடி போனதும்தான் செய்த காரியம் உறைத்தது. எங்கள் வீடுகளில் வெந்நீரில்தான் பச்சைத்தண்ணீரைக் கலப்போம், குளிக்கவும் சரி, குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கவும் சரி. பச்சைத்தண்ணீரை முதலில் ஊற்றி அதன்மேல் வெந்நீரை விடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். செத்தவர் உடம்பைக் கழுவுவதற்கு. தெரியாமல் அப்படிக் கலந்துவிட்டாலும் என் அம்மா முதுகில் அறைவாள்.

கோப்பையை மாற்றத் திரும்பினேன். அதற்குள் ஒரு மேசையில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டது, இன்னொரு மேசையில் கத்தினார்கள். நான் நிமிர்ந்தபோது மிசாவோ தலையில் பனியோடு ஒன்பதாம் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.  சொல்வதா வேண்டாமா என்று எனக்குள் ஒரே அடிதடி. கிழவரோடு அவள் போட்ட சண்டை ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

அன்று அவள் எதுவும் சாப்பிடவில்லை. கணவாய் இரண்டு தரம் முன்னால் சுற்றி வந்து போனது. பிறகு மூடியை எடுத்தாள். சாற்றிலிருந்து ஆவி குப்பென்று எழுந்து அவள் மூக்குக்கண்ணாடியையே மூடியது. மூடியைத் திருப்பிப் பார்த்தாள். எனக்கும் தெரிந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அலமாரியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல் இருந்தது. அவள் மூடியை மறுபடி வைத்து, எண்ணுவது போல் உதட்டை அசைத்துக் காத்திருந்து, மறுபடி திறந்தாள். ஆவி வந்தது. மூடி காய்ந்தே இருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவளருகே மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"என் தப்பு, மிசாவோ சான். தண்ணிய மாத்தி ஊத்திட்டேன். பச்சைத்தண்ணி மேல வெந்நீர். அவசரத்துல... வேணும்னு செய்யல. நான் அவரைக் கொன்னுட்டேனோ என்னமோ."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பத்தாம் இடத்துக் கோப்பையைத் தொட்டு, என் பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். நான் விளிம்பு வரை ஊற்றியிருந்தேன். காலியாக இருந்தது. சுற்றிலும் மேசை ஈரமில்லை.

"வாராவாரம் வருவாரு" என்றாள், அக்கம்பக்கத்தில் கேட்காத குரலில். "அந்தச் சீட்டுலதான் உக்காருவாரு. சொட்டச் சொட்ட. மத்தியத் தொடவே மாட்டாரு. அந்தக் கோப்பையவே பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்கு மொத வாரமே தெரிஞ்சுபோச்சு, உசுரோட இல்லன்னு. கடைசியா ஒருதரம் குளிப்பாட்டி விடச் சொல்லித்தான் வந்து உக்காந்திருக்காருன்னும் தெரிஞ்சுது. ஆனா தண்ணிய மாத்தி ஊத்த எனக்குக் கை வரல. ஊத்திட்டா அப்புறம் வரமாட்டாரே. குளுர்ல நடுங்கிக்கிட்டாவது பக்கத்துல இருக்கட்டும்னு, ஆறு வருஷம் சூடா டீ போட்டுக் குடுத்து ஏமாத்தினேன்."

 நான் அந்த இருக்கையைப் பார்த்தேன். நீல நிறத் திண்டு, நடுவில் லேசாக அமுங்கியிருந்தது, யாரோ எழுந்து போன தடம் போல.

"இன்னிக்குப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"கதவுகிட்ட எதிர்ல வந்தாரு. தலை காஞ்சிருந்துது." அவள் கண்ணாடியைக் கழற்றி, மேல்கோட்டின் நுனியால் துடைத்துக்கொண்டாள். "எம்மேல கோவமான்னு கேக்கணும்னு நெனச்சேன். கேக்கறதுக்குள்ள பனியில எறங்கிப் போயிட்டாரு."

பிறகு பையிலிருந்து கைபேசியை எடுத்து, அங்கேயே உட்கார்ந்தபடி தெய்ஜி கிழவரைக் கூப்பிட்டாள். அவர் குரல் எனக்கே கேட்டது, மறுபடி சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எகிறினார். அவள் அவரைப் பேசி முடிக்க விட்டாள்.

"மார்ச்சு வரைக்கும் எதுக்கு, அண்ணே. இப்பவே கோயில்ல சொல்லிருங்க" என்றாள். "அவரு குளிச்சிட்டுக் கெளம்பிட்டாரு."

 அந்தப் பக்கம் கிழவர் அழுவது கேட்டது. எனக்கும் அழுகை வந்தது, பேய் என்ற பயம் மட்டும் கடைசிவரை வரவில்லை. வாசலில் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. மிசாவோ கிண்ணத்தையும் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அந்த இடத்துல ஆள உக்கார விடுங்க, ஹருயோ சான்" என்றாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் அடுத்து நின்றவரைப் பத்தாம் இருக்கைக்குக் கூப்பிட்டேன்.