நிறுத்தி ஊதும் பாட்டு

எங்கள் மாமா இரண்டு பேருக்காகத்தான் செருப்பைக் கழற்றுவார். முதலாவது ஊர் மாரியம்மன். அடுத்தது ஆத்தூர்ப் பக்கத்து டிரம்பெட்காரர் ஒருவர். மாரியம்மனையாவது செவ்வாய் வெள்ளிகளில் நேரில் பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்பெட்காரரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அவர் ஊதிக் கேட்டதும் இல்லை. கேட்டவர்கள் சொன்னதைக் கேட்டிருந்தார், அவ்வளவுதான். அவர் பேச்சை எடுத்தாலே செருப்பைக் கழற்றும் அளவுக்கு மரியாதை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. காரிமங்கலத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். மற்ற நாட்களில் மினி லாரி ஓட்டுவார், கல்யாண மாதங்களில் ஊர் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுவார். சரிகை வைத்த அவருடைய சிவப்புக் கோட்டும் என் பள்ளிக்கூடப் பையும் ஒரே ஆணியில் தொங்கும். செட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் கூடினால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் ஆத்தூர்க்காரரிடம் போய்த்தான் முடியும். அவர் ஊதியதைக் கேட்டுவிட்டு வந்து மூன்று மாதம் தன் வாத்தியத்தைத் தொடவே கூச்சமாக இருந்ததாக எங்கள் செட்டின் கிளாரினெட்காரர் சொல்வார். அதையும் ஏதோ பதக்கம் வாங்கியதைப் போலச் சொல்வார். மாமா வாயைத் திறந்துகொண்டு கேட்பார். அவரை மாமா "அண்ணன்" என்றுதான் சொல்வார். எங்கள் வீட்டில் இல்லாத அந்த அண்ணனைப் பற்றி அம்மாவுக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் கிளாரினெட்காரர் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஏதோ ஒரு தேர்த் திருவிழாவில் அண்ணன் ஊதிய அம்மன் பாட்டை அவருடைய சொந்தக்காரர் டேப்பைத் தோளில் வைத்துக்கொண்டே பதிவு செய்தது. மாமா அதை இரண்டு கையாலும் வாங்கினார். உடனே போட்டுக் கேட்பார் என்று நினைத்தேன். அவரோ கேசட்டை டேப்புக்குள் வைத்து மூடிவிட்டு, "குளிச்சிட்டு வந்துதான் கேக்கணும். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டார்.

தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன். இது சத்தியம்.

எங்கள் டேப்பில் பாடவைக்கும் பொத்தான் விறைப்பாக இருக்கும். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு அதை அழுத்தினேன். முதலில் வேட்டுச் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை, தண்ணீர் கேட்டு யாரையோ கூப்பிடும் ஒரு பெண்ணின் குரல். பிறகு டிரம்பெட். எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. நிறுத்தினேன். மறுபடி கேட்கலாம் என்று பாடவைக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபோது பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. சிவப்பு என்றால் பதிவு என்று எனக்குத் தெரியும். மூச்சு விட்டால் அதுவும் பதிவாகிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே நின்று, பிறகுதான் நிறுத்தும் பொத்தான் ஞாபகம் வந்து அமுக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் நேரம்தான் இருக்கும். ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்துவிட்டுச் சமையலறையில் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

மாமா விபூதி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. முதல் வரிக்கே அவர் கண் கலங்கிவிட்டது. அந்த இடம் வந்தது. டிரம்பெட் ஏறி ஏறிப் போய் உச்சியில் சட்டென்று நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அடுத்த வரி. நான் வெங்காயத்தை வைத்துக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன்.

"அக்கா! இங்க வா, இதக் கேளு! நிறுத்தறாரு பாரு!"

அம்மா வந்தாள். திரும்பப் போட்டார். மறுபடியும் அதே இடத்தில் டிரம்பெட் நின்றது.

"அந்த வரியோட கடைசில தாயேன்னு வரணுமில்ல? அத ஊதாம வுட்டுட்டாரு. கேக்கறவங்க மனசுக்குள்ள சொல்லிக்கட்டும்னு வுட்டுட்டாரு. இதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்!"

அந்த இடத்தில் மேளமும் நின்றிருந்தது. அண்ணன் கையைக் காட்டியிருப்பார் என்றார் மாமா. வேட்டும் குழந்தையின் அழுகையும்கூட நின்றிருந்தன. அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறது என்றார். மூச்சைப் பிடித்தது ஊர் இல்லை, நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. மாமாவுக்குப் படிக்கும் பழக்கம் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அதன்பிறகு ஏரிக்கரையில் மூன்று மாதம் அந்த மூன்று விநாடிக்காகவே சாதகம் நடந்தது. ஊதுவதைவிட நிறுத்துவது கஷ்டம் என்று அப்போதுதான் பார்த்தேன். டிரம்பெட் நின்றால் டிரம் நிற்காது. டிரம் நின்றால் கிளாரினெட் ஓர் இழை நீண்டுவிடும். எல்லாம் நின்றால் திரும்ப எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நேரத்தில் விழுவார்கள். மாமா திட்டாமல், கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். கடைசியில் ஒரு நாள் ஏழு பேரும் ஒன்றாக நின்று ஒன்றாக எடுத்தார்கள். கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

பாலக்கோட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அதை முதன்முதலாக ஊதினார்கள். அம்மாவோடு நானும் போயிருந்தேன். பாட்டு ஏறிப் போய் நின்றதும் தெருவே அடங்கியது. அந்த அமைதியில், தாம்பாளம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தன்னை அறியாமல் "தாயே" என்றாள். மெல்லத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. அடுத்த சுற்றில் பத்துப் பெண்கள் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் கெடுத்த இடத்தில் எப்படி இவ்வளவு நல்லது வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு வருடத்துக்குள் "அந்த நிறுத்தி ஊதற பாட்டு" என்று கேட்டுத்தான் மாமாவின் செட்டுக்கு முன்பணம் கொடுத்தார்கள். பென்னாகரம் செட்டுக்காரர்கள் காப்பியடித்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கமும் போய்விட்டது என்று கேள்வி. யார் பாராட்டினாலும் மாமா கையெடுத்துக் கும்பிட்டு, "என்னுது இல்லீங்க, அண்ணனுது" என்பார். நான் ஒவ்வொரு முறையும் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஊரில் ஒரு பெரிய கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு மாமாவின் செட். பெண் வீடு ஆத்தூர்ப் பக்கம், அவர்கள் தங்கள் ஊர் செட்டைக் கூட்டிவருகிறார்கள். செட்டோடு அண்ணனும் வருகிறார். செய்தி கேட்ட அன்று மாமா ராத்திரிச் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். மறுநாள் டிரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்த்தார். அதற்கடுத்த நாளும் தேய்த்தார். அண்ணன் முன்னால் அந்தப் பாட்டை ஊத வேண்டும், ஊதிவிட்டு அவர் காலில் விழ வேண்டும், இவ்வளவுதான் அவர் ஆசை.

எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அண்ணன் கேட்கப்போகிறார். நான் இப்படி ஊதியதே இல்லையே என்று ஊர் நடுவில் சொல்லப்போகிறார். மாமா அவமானத்தில் டிரம்பெட்டை ஏரியில் எறிந்துவிடுவார். நேராகப் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, அந்தக் கேசட்டுல..."

"ஆமா கண்ணு. எல்லாம் அந்தக் கேசட்டு போட்ட பிச்சை" என்று சொல்லி என் தலையைத் தடவினார்.

மாப்பிள்ளை அழைப்பு சாயங்காலம் கடைத்தெருவில் ஆரம்பித்தது. நான் ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் அம்மாவைவிடக் குள்ளம். நரைத்த மீசை, முழங்கால்வரை தொங்கும் கோட்டு, ரப்பர் செருப்பு. வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். இவருக்காகவா மாமா செருப்பைக் கழற்றினார் என்று இருந்தது.

அவர் ஊதினார்.

அதை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லாமல்தான் ஆரம்பித்தது. காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழுந்தது. அவர் கன்னம் உப்பவில்லை, கழுத்து புடைக்கவில்லை, யாரிடமோ பேசிக்கொண்டிருப்பவரைப் போலத்தான் நின்றார். ஆனால் கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். ஜவுளிக்கடைப் படியில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, சோகமே இல்லாத அழுகை. டேப்பில் கேட்டபோது ஒன்றும் தெரியாத அதே டிரம்பெட்தான். மாமாவைப் பார்த்தேன். வெறுங்காலோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் பொறாமை ஒரு துளி இல்லை. இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அப்புறம் எங்கள் செட்டின் முறை. மாமா அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அந்தப் பாட்டை எடுத்தார். ஏறி ஏறிப் போய் உச்சியில் நின்றது. அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். ஏதோ விபரீதம், மூச்சடைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, ஓரடி முன்னால் வந்துவிட்டார். அதற்குள் தெருவில் நின்ற எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மெல்ல "தாயே" என்றார்கள். பாட்டு மறுபடி எழுந்தது. அண்ணன் வைத்த கால் வைத்தபடி நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை.

முடிந்ததும் நேராக மாமாவிடம் வந்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, அந்த எடத்துல நிறுத்துனீங்களே, அது யாரு சொன்னது?"

"நீங்கதாங்கண்ணா. தேர்ல நீங்க ஊதுனத கேசட்டுல கேட்டுதானுங்க புடிச்சேன். உங்களுதுதாங்க."

அண்ணனுக்குப் பின்னால் நின்ற அவருடைய கிளாரினெட்காரர், "அண்ணன் எங்கீங்க அந்த எடத்துல..." என்று ஆரம்பித்தார். அண்ணன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கிளாரினெட்காரர் பேச்சை விழுங்கிக்கொண்டார். அண்ணன் மாமாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருடைய வெறுங்காலைப் பார்த்தார்.

"ஆமா, ஆமா. அன்னிக்கு ஒரு நாளு வந்துச்சு. அப்பறம் எனக்கே புடிபடல தம்பி. நீங்க பத்திரமா வெச்சிருக்கீங்க. இன்னொருக்கா எடுங்க, நானும் கூட வர்றேன்."

காலில் விழப்போன மாமாவைத் தோளைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு பேரும் சேர்ந்து ஊதினார்கள். முதல் சுற்றில் நின்ற பிறகு அண்ணன் ஒரு கண்ணிமை நேரம் முன்னாலேயே எடுத்துவிட்டார். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அடுத்த சுற்றில் மாமாவின் தோளையே பார்த்துக்கொண்டு சரியாக எடுத்தார். சாயங்கால வெளிச்சத்தில் இரண்டு டிரம்பெட்டும் ஒரே உயரத்தில் தூக்கி நின்றதும், நடுவில் பெண்களின் குரல் மட்டும் எழுந்ததும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. மாமா அழுதுகொண்டே ஊதினார்.

எனக்கோ உலகத்தில் இல்லாத நிம்மதி. அண்ணனே ஒப்புக்கொண்டுவிட்டார். அப்படியானால் அந்த இடத்தில் அவர் நிஜமாகவே நிறுத்தியிருக்கிறார். நான் அழித்தது ஏற்கெனவே ஒன்றும் இல்லாத இடத்தைத்தான். இவ்வளவு பெரிய ஆள் பொய் சொல்வாரா? காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. பந்தியில் இரண்டு ஜாங்கிரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மண்டபத்து வாசலில் பெண் வீட்டாரின் வேன் நின்றது. அண்ணன் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பாட்டைத்தான் முனகிக்கொண்டிருந்தார். ஏறிப் போய் உச்சியில் நிறுத்துவார். ஒரு விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு உதட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். எடுப்பார். திருப்தி வராமல் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக்கூட அவ்வளவு அக்கறை இருக்காது. நான் அங்கேயே நின்று ஐந்தாறு தடவை பார்த்தேன்.

பாவம், வயதானவர், தான் ஊதியதே மறந்துபோய்விட்டது, ஞாபகப்படுத்திப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.