சலோமி அக்காவின் தென்னை

போன ஞாயிறு குருத்தோலைப் பவனியில் ஒரு சிறுமி என் கையில் ஓலைச் சிலுவை ஒன்றைத் திணித்துவிட்டு ஓடினாள். உடனே முகர்ந்து பார்த்தேன். வயசான பிறகு எதையும் முகர்ந்து பார்க்கிற புத்தி வந்துவிட்டது, வீட்டில் திட்டு வாங்கியும் போகவில்லை. பச்சைக் குருத்தின் இளந்தித்திப்பு வாசனை என்னை நேரே காஞ்சிபுரத்தில் கொண்டுபோய் விட்டது.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துமூன்று வயது. மெட்ராஸிலிருந்து வேலைக்குப் போய், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் அறை எடுத்திருந்தேன். பகலெல்லாம் தறிச் சத்தம். அது நின்ற பிறகுதான் எனக்குப் பயமாக இருக்கும். வாரத்தில் ஆறு நாள் 'சாப்பிட்டாயா' என்று கேட்க ஒரு நாதி கிடையாது, நண்பரே. ஏழாவது நாள் சலோமி அக்கா கேட்பாள்.

அக்கா எங்கள் சின்ன தேவாலயத்தில் மணி அடிப்பவள். கணவர் செய்துவந்த வேலை, அவர் இறந்ததும் இவளுக்கு வந்தது. வளாகத்தில் ஒரு தென்னங்கன்று நட்டு ஆள் உயரம் வளர்த்திருந்தாள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து மிஞ்சிய தண்ணீரைக் கால்படுகிற இடத்தில் கொட்டக்கூடாதென்று அதன் வேரில்தான் ஊற்றுவாள். மற்ற நாளெல்லாம் கிணற்றுத் தண்ணீர்.

"ஆதாமுக்கு ஆண்டவர் மொதமொதல்ல குடுத்த வேலையே தோட்டத்தப் பாத்துக்கறதுதாம்பா. எனக்கு ஒரு மரம் குடுத்துக்கிறாரு" என்பாள்.

அந்த வருஷம் குருத்தோலை கொண்டுவரும் பொறுப்பை நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன். அதைச் சாக்கிட்டு நாலு பேர் பேசுவார்களே என்ற நப்பாசை. செவிலிமேட்டுத் தோப்புக்காரர் சனிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருந்தார். நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். போய்ச் சேர்ந்தபோது ஓலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்.

வெறுங்கையோடு தேவாலயத்துக்குத் திரும்பினேன். அக்கா கூரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய தென்னையில் கைக்கெட்டும் உயரத்தில் குருத்து நின்றது. ஒரு குருத்துதானே, மறுபடி முளைக்காதா? கத்தியை உள்ளே விட்டு அடிவரை அறுத்தெடுத்தேன். வெட்டின இடம் மட்டைகளுக்குள் மறைந்துபோனது. பட்டணத்துப் புத்தி. தென்னைக்கு உயிர் அந்த ஒரே இடத்தில்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் எல்லார் கையிலும் சிலுவை. "நல்ல ஓலையா இருக்குதுப்பா, எங்க புடிச்ச?" என்றாள் அக்கா.

"செவிலிமேட்டுலக்கா."

ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில் மரத்தின் நடு அழுகியது. "வண்டு பூந்துக்கினு இருக்குது" என்று அக்காவே முடிவுகட்டினாள். மட்டை இடுக்கிலெல்லாம் உப்பும் மணலும் கலந்து வைத்தாள். உப்பு வாங்கிவந்து கொடுத்தவன் நான். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் மரத்துக்காக ஜெபிக்கச் சொன்னாள். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "நீ பண்ணுப்பா. நீ சிரிக்க மாட்ட" என்றாள். பண்ணினேன். கண்ணை மூடிக்கொண்டு, அந்த வண்டை விரட்டும் ஆண்டவரே என்று உருக்கமாகக் கேட்டேன். இதைவிடக் கேவலமாக ஒரு மனுஷன் ஜெபித்திருக்க மாட்டான்.

மட்டைகள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. கடைசி மட்டை விழுந்த அன்று அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"பாத்துக்கோன்னு ஒண்ணே ஒண்ணுதான் குடுத்தாரு. அதக்கூட பாத்துக்கத் துப்பில்ல எனக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் அக்காவும் பேசாமல் போய்விடுவாளே என்ற பயம். "உடுக்கா, வேற கன்னு வெச்சிக்கலாம்" என்றேன். அவள் வைக்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. கடிதம் எழுதத் தொடங்கி எத்தனையோ தடவை கிழித்துப்போட்டேன். ரொம்பக் காலம் கழித்துப் போனபோது தேவாலயத்தை இடித்துப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். கிணற்றை மூடி, வளாகம் முழுக்க சிமெண்டுத் தரை. வரிசையாக வண்டிகள் நின்றன. வாசலில் இருந்தவரிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன். இறந்து ஆறு வருஷம் ஆகிறது என்றார்.

"தங்கமான மனுஷி சார். ஒரு செடி வெய்ங்கக்கான்னா மட்டும் ஒத்துக்க மாட்டாங்க. 'எங் கையில எதுவும் தங்காதுப்பா'ம்பாங்க."

ஆண்டவர் என்னை எப்போதோ மன்னித்திருப்பார், அது அவர் சுபாவம். அக்காவிடம்தான் கேட்டிருக்க வேண்டும்.