பானெட்டில் ஒட்டாத காந்தம்

இன்று பண்டமாரான் வொர்க்‌ஷாப்பில் மானம் போனது. ஆனாலும் நிம்மதி.

என் முதல் காரை, அந்தப் பழைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை, முழுதாகப் புதுப்பிக்க வசதியில்லை. பிரேக், அடித்தகரம், சீட் மட்டும் போதும் என்று முடிவு. சீட் தைப்பது என் தொழில். மீதி மெக்கானிக் மணியம் அண்ணன் பொறுப்பு.

நம்முடைய இந்தப் பழைய கார் மின்னஞ்சல் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "துருவை மறைக்கப் பட்டிப் பசை பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது, வைத்துப் பார்."

வைத்தேன். பானெட்டில், அதுதான் என்ஜின் மூடியில், எங்கு வைத்தாலும் விழுந்தது. பானெட் முழுக்கப் பட்டிதான் என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் வாய் வரவில்லை.

இன்று தலையைக் குனிந்துகொண்டே அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பானெட்டை ஒற்றைக் கையால் தூக்கினார்.

"அடோய் தங்கச்சி, இது அலுமினியம் லா! காந்தம் எப்படி ஒட்டும்? கதவுல வச்சியா?"

"கதவுல எல்லாம் ஒட்டிக்கிச்சுண்ணே."

"அப்புறம் என்ன? போய் சீட்ட தை."

காந்தம் வைக்கச் சொன்னவர் தயவுசெய்து கை தூக்கவும். திட்ட மாட்டேன். உங்கள் காரிலும் ஒருமுறை வைத்துப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.