ஐந்து ரேஷன் கார்டில் இருந்த கோமதித்தாய்

இன்றைக்கு சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸில் கோமதித்தாய் அக்காவைச் சந்தித்தேன். எங்கள் குடும்ப மரம் வரைவதற்காக ஒரு பழைய வாரிசுச் சான்று தேடிப் போயிருந்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் மடியில் ஜெராக்ஸ் தாள்களை வருடவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ரேஷன் கார்டிலிருந்து அவர் பேரை நீக்கிய சான்றுகள்!

“எதுக்குக்கா எல்லாத்தையும் வச்சிருக்கிய?”

“ஒரிஜினல ஆபீஸ்ல வாங்கிக்கிடுவாங்க மக்கா. அடுத்த கார்டுல பேரு ஏறாம விட்டுப்போச்சுன்னா என்னத்தக் காட்ட?”

வாங்கி வாசித்தேன். 1993, பனவடலிசத்திரம், அப்பா கார்டு: மகள், திருமணத்தால் நீக்கம். 1998, குருவிகுளம், மாமனார் கார்டு: மருமகள், தனிக்குடித்தனம். 2009 வரை கணவர் கார்டில் மனைவி. கணவர் இறந்ததும் அந்தக் கார்டையே ஒப்படைத்துவிட்டார். 2016 வரை இளையரசனேந்தலில் தம்பி கார்டில் அக்கா. போன வருடம் வரை மகன் கார்டில் தாய்.

“தம்பி எதுக்கு எடுத்தாரு?”

“என் பேரு நெறைய எடத்த அடைக்குன்னு அவன் பொண்டாட்டி சொல்லிட்டா” என்று சிரித்தார். “மவன் திருப்பூருக்குப் போயிட்டான். அங்கன ஒத்த ரூமாம்.”

இப்போது ஐம்பத்திரண்டு வயது. தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிறார், தனியாக ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார். முதல்முறையாகத் தனக்கென்று ஒரு கார்டு கேட்டிருக்கிறார். மனுவில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் அவர் பேரே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் பெனிட்டா மேடம் கேட்டார்: “தனி அடுப்பு இருக்குல்லாம்மா?”

“ஒரு அடுப்பு, ஒரு சட்டி. நானே ஆக்குதேன், நானே திங்கேன்.”

“அப்ப வாடகை ஒப்பந்தத்துல வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம ஏத்த முடியாதும்மா.”

மனு திரும்பியது இது மூன்றாவது தடவை.

“வீட்டுக்காரரு என்னக்கா சொல்லுதாரு?”

“‘கையெழுத்துப் போட்டா நாளைக்கு வீடே ஒன்னதுன்னு சொல்லுவே’ங்காரு அந்த அண்ணாச்சி. சட்டி பானையத் தூக்கித் தூக்கி சலிச்சுப்போச்சு மக்கா. கையெழுத்துப் போடுதவங்க வீடுன்னா இன்னும் ஒரே ஒரு தடவ மாறிக்கிடுதேன்.”

சங்கரன்கோவிலில் ஒரு அறை வாடகைக்கு விட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுத் தர முடிகிறவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். மற்றவர்கள் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள். மாடி அறை வேண்டாம், அக்காவால் படி ஏற முடியாது.