முதல் பாட்டு முருகனுக்கு

போன மாசியில் என் குரல் போய்விட்டது. தொண்டையில் சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது வெறும் காற்றுத்தான் வந்தது. ஆறு கிழமை வாயே திறக்கக் கூடாது, பிறகு பார்ப்போம் என்றார் டொக்டர். குரல் திரும்புமா என்று எழுதிக் காட்டினேன். அதற்கும் பார்ப்போம் என்றார். அழுதேன். அழக்கூடச் சத்தம் இல்லை.

பாட்டுத்தான் என் பிழைப்பு. நோர்வேயின் எல்லிங்ஸ்ருட்டில் வளர்ந்து, பதினெட்டு வயதில் கௌபோய் தொப்பியும் கிட்டாருமாக கன்ட்ரி பாட மேடையேறியவள் நான். குதிரை, லொறி, விட்டுப்போன காதலன் எல்லாம் வரும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள். நோர்வேயில் கன்ட்ரி பாடும் முதல் தமிழ்ப் பெண் என்று பேப்பரில் போட்டார்கள். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. இங்குள்ள முருகன் கோயிலில் மாமிமார் என் தொப்பியைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நான் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

ஆறு கிழமையும் அம்மாவோடு கொப்பியில் எழுதித்தான் கதைத்தேன். முருகா, குரலைத் தா என்று மனதுக்குள் கெஞ்சினேன். டொக்டர் பாடலாம் என்ற அன்றே பக்கத்து நகரமான திராமனுக்கு, என் இசைக்குழுவிடம் ஓடினேன். மூன்று தரம் முயன்றேன். கரகரப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கிட்டாரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். "பிள்ளை, உன்ரை பேரிலை ஒரு நேர்த்தி வைச்சனான். குரல் வந்தால் முதல் பாட்டு முருகன்ரை சந்நிதியிலை எண்டு. உனக்குச் சொல்ல மறந்துபோனன்."

"நேர்த்தி வைக்கிறது நீங்கள், பாடுறது நானோ?" என்றேன் அந்தக் கரகரத்த குரலில்.

"ஓம். எனக்குப் பாட வராதெல்லே."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, தேவாரம் பாட விரும்புகிறவர்கள் வரலாம் என்று ஐயர் சொன்னதும் அம்மா என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டார். சின்ன வயதில் பாடமாக்கிய ஒரேயொரு தேவாரம்தான் எனக்குத் தெரியும். முதல் வரி தடுமாறியது. இரண்டாம் வரியில் என் குரல் முழுதாக வந்தது! கன்ட்ரியின் இழுவையும் கூடவே வந்தது. பழக்கம் விடுமா? மாமிமார் சிரிக்கவில்லை, சேர்ந்து பாடினார்கள். முடிந்ததும் நான் விம்மி அழுதேன். இந்த முறை சத்தத்தோடு.

அடுத்த கிழமையே திராமனில் மேடை ஏறினேன். இப்போது வெள்ளி தவறாமல் கோயிலில் நிற்கிறேன். புதுப் பாட்டு எதுவானாலும் முதலில் அவன் முன்னால்தான் மெல்லப் பாடிப் பார்க்கிறேன். லொறிப் பாட்டெல்லாம் முருகனுக்குப் பழகிவிட்டது.

உங்களுக்கு எது போயிருந்தாலும் அவனிடம் போய்க் கேளுங்கள், எனக்குத் தந்தவன் உங்களுக்கும் தருவான். நேர்த்தி வைத்தால் மட்டும், அதை நிறைவேற்ற வேண்டிய ஆளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.