ஒன்பதாம் பக்கத்து விதவை

அச்சுத் தொழிலில் விதவை என்றால் ஒரு வரி. பத்தியின் மற்ற வரிகளெல்லாம் முந்தின பக்கத்திலேயே நின்றுவிட, கடைசி வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்தின் உச்சிக்கு வந்துவிடும். பின்னால் விட்டுவந்தது எல்லாம் உண்டு, முன்னால் ஒன்றுமில்லை. அதனால்தான் ஆங்கிலேய அச்சுக்காரன் அந்தப் பெயரை வைத்தான் என்பார்கள். வைத்தவன் நிச்சயம் ஆணாகத்தான் இருப்பான். கண்டியில் நான் பக்கம் அமைக்கும் அச்சகத்தில் அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டோம்.

போன வருடம் குண்டசாலையிலிருந்து ஒருவர் வந்தார். டவுனில் கடை வைத்திருந்த அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் நினைவு மலர். எட்டாம் பக்கம் வரை அப்பாவின் வாழ்க்கை. ஒன்பதில் அம்மா தன் கைப்பட எழுதித் தந்த சில வரிகள். அப்பா கடையைப் பூட்டிவிட்டு வரும்போது தினமும் அம்மாவுக்கென்று பேக்கரியில் ஒரு பணிஸ், அந்த இனிப்பு பன், வாங்கி வருவார் என்று எழுதியிருந்தார்.

வாழ்க்கையின் கடைசி வரி வழிந்து அம்மாவின் பக்கத்து உச்சியில் தொங்கியது. வழக்கம்போல புரூப்பில் சிவப்புப் பேனாவால் எழுதினேன்: ‘பக்கம் 9: விதவை. எடுக்கவும்.’ முதலாளி அதையே படமெடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

மறுநாள் பதில் வந்தது. அம்மாவின் பக்கத்தை எடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளின் படத்தைப் போடச் சொல்லியிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன் எடுத்து விளக்கினேன். எடுப்பது என்றால் வெட்டுவதல்ல. முந்தின பக்கத்திலிருந்து இன்னொரு வரியை இறக்கி அதற்குத் துணையாக விடுவது, அவ்வளவுதான். பொறுமையாகக் கேட்டார்.

“வெளங்குது மிஸ். ஆனா இப்படியே இருக்கட்டும். பணிஸ் கதையெல்லாம் நாலு பேருக்குக் குடுக்குற புக்ல எதுக்கு?”

விளங்காமல் செய்தவனை மன்னிக்கலாம். விளங்கியும் செய்கிறவனை என்ன செய்வது? கஸ்டமர் சொன்னபடி செய் என்றார் முதலாளி. செய்தேன்.

புத்தகங்களை எடுக்க வந்த அன்று அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அம்மா ஒரு பிரதியை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “நான் எழுதுனதுல பிழை இருந்துச்சா மகள்?” என்று கேட்டார்.

“பிரஸ்லதான் எடுக்கச் சொன்னாங்கம்மா,” என்று மகன் போனில் என் சிவப்பு எழுத்தைக் காட்டினார். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் புத்தகத்தை மூடிவிட்டார்.

“பரவாயில்ல மகள். ஒரே ஒரு வரியையாவது விட்டிருக்கலாம். அது பாட்டுக்குத் தனியா இருந்திருக்கும்.”